உல்லம் ஏறிய ஆடி

நடுக்கரை பஸ் ஸ்டாண்டு ரவுண்டானாவில் நின்ற நூறு எவர்சில்வர் உல்லம் மீன்களில் நாற்பது, ஆடி மாதம் நாலாம் தேதி, ஆற்றில் புதுத்தண்ணீர் வந்த காலையில், தங்களைத் தாங்கியிருந்த கம்பிகளை விட்டு விலகி, ஆள் நெஞ்சு உயரத்தில் காற்றில் மிதந்தபடி, கடைத்தெரு வழியாக மேற்கே புறப்பட்டன. அவற்றைச் செய்த சிற்பி என்று கல்வெட்டில் பெயர் வெட்டப்பட்டிருந்த அபயாம்பாள் அப்போது அடுப்படியில் தோசை மாவுக்கு உப்புப் போட்டுக்கொண்டிருந்தாள். அவள் கணவர் குஞ்சிதபாதம் வாயில் பிரஷ்ஷோடு உள்ளே எட்டிப் பார்த்து, பால்காரர் வந்துவிட்டார் என்று சொல்கிற குரலில், "அபயம், ஒன் மீனு கெளம்பிடுச்சு," என்றார்.

அவள் மாவுக் கையோடு ஓடினாள். டீக்கடைக்கும் மருந்துக்கடைக்கும் நடுவே அவை போய்க்கொண்டிருந்தன. எந்த அவசரமும் இல்லை. அந்தப் பத்து அடியைக் கடக்க ஒரு டீ குடித்து முடிக்கிற நேரம் எடுத்துக்கொண்டன. ஒவ்வொன்றும் ஒரு முழ நீளம். ஒன்றின் வாலை இன்னொன்றின் மூக்கு தொடாத இடைவெளியில், வெயிலை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் புரட்டிப் போட்டபடி, கண்ணுக்குத் தெரியாத தண்ணீர் ஒன்று எதிரே முட்டித் தள்ளுவதுபோலத் தம் பிடித்துப் பிடித்து நீந்தின. பஸ் டிரைவர்கள் எஞ்சினை அணைத்துவிட்டு இறங்கி நின்றார்கள். பூக்காரி கூடையை நகர்த்தி வழி விட்டாள். யாரோ, "அபயம்மா வந்துட்டாங்க, தள்ளுங்க," என்றார்கள். எல்லோரும் அவளைப் பார்த்துக் கைகூப்பினார்கள்.

அபயாம்பாள் முதல் மீனின் வாலைப் பார்த்தாள். அடுத்ததைப் பார்த்தாள். நாற்பதையும் ஒன்று விடாமல் பார்த்தாள். எல்லா வாலும் இடது பக்கமாகக் கொஞ்சம் கோணியிருந்தது. பிறகு ரவுண்டானாவைத் திரும்பிப் பார்த்தாள். அங்கே வால் நேராக இருந்த அறுபது மீன்கள், அவள் தன் கையாலேயே தட்டித் தட்டிச் செய்த அறுபது மீன்கள், கம்பியில் அசையாமல் நின்றன. ஒன்றின்மேல் காக்காய் உட்கார்ந்திருந்தது. அடுப்பில் வைத்த இரும்புச் சட்டியைத் தெரியாமல் தொட்டதுபோல அவள் நெஞ்சுக்குள் சுரீர் என்றது.

அணை கட்டுவதற்கு முன்னால் ஆடிப் புதுவெள்ளத்தில் கடலிலிருந்து உல்லம் மீன்கள் வயிறு நிறைய முட்டையோடு ஆற்றில் ஏறி வருமாம்; அதைப் பார்த்தவர்கள் யாரும் இப்போது ஊரில் இல்லையென்றாலும் பார்த்தவர்களிடம் கேட்டவர்கள் இருந்தார்கள். அதற்கு ஒரு நினைவுச் சிற்பம் வைக்க வேண்டும் என்று சேர்மன் தில்லைநாயகம் தீர்மானம் போட்டபோது, வேலை அபயாம்பாளுக்கு வந்தது. குஞ்சிதபாதமும் அவர் தம்பி சபாநாயகமும் வீட்டுக்குப் பின்னால் வெல்டிங் பட்டறை வைத்திருந்தார்கள். கலைக் கல்லூரியில் ஐந்து வருஷம் சிற்பம் படித்துவிட்டு அந்த வீட்டுக்கு மருமகளாக வந்தவள், இருபத்திரண்டு வருஷமாக அந்தப் பட்டறையில் இரும்புக் கேட்டுகளுக்கு மயிலும் தாமரையும் வரைந்துகொண்டிருந்தாள். நாற்பத்தேழு வயதில் முதல் தடவையாக அவளிடம் ஒருவர் சிற்பம் கேட்டார். நாலு மாதம் ராப்பகல் தெரியாமல் உட்கார்ந்து அறுபது மீன் செய்தாள். அட்டையில் வெட்டிய மாதிரியை வைத்துத் தகட்டை வெட்டி, செதில் செதிலாகத் தட்டி, அரம் போட்டு, மெருகேற்றி. அதற்குள் சேர்மன் திறப்பு விழாவை ஒரு மாதம் முன்னால் இழுத்துவிட்டார். மீதி நாற்பதை வனரோஜா செய்தாள்.

வனரோஜா அவளுடைய ஓரகத்தி, சபாநாயகத்தின் மனைவி. முகத்துவாரத்தில் இருக்கிற மீனவர் குப்பத்துப் பெண். ஆறு வருஷத்துக்கு முன்னால் கேட் மாட்டப் போன இடத்தில் சபாநாயகம் பார்த்துப் பிடித்துப்போய்க் கட்டிக்கொண்டு வந்தவள். எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவள், பொழுது போகவில்லை என்று ஒரே வாரத்தில் வெல்டிங் கற்றுக்கொண்டாள். அபயம் பார்த்துப் பார்த்து வைத்த குழம்பை மாமனார் பேசாமல் சாப்பிட்டார். வனரோஜா பேசிக்கொண்டே வைத்த குழம்புக்கு இன்னொரு கரண்டி கேட்டார். அபயம் மூன்று தடவை நட்டும் வராத கறிவேப்பிலை, வனரோஜா குச்சியை ஒடித்து ஊன்றிய இடத்தில் கூரையைத் தொட்டது. பெரிதாக ஒன்றும் இல்லை, எல்லாம் கண்ணில் விழுந்த தூசி அளவுதான். ஆனால் ஆறு வருஷமாக அந்தத் தூசி எடுபடவே இல்லை.

நாற்பது மீனையும் அவள் பன்னிரண்டே நாளில் முடித்துவிட்டாள். ரேடியோவோடு சேர்ந்து பாடிக்கொண்டே தட்டினாள்.

"ஏன் ரோஜா, அட்டைய வச்சுத்தான வெட்டுன? வாலெல்லாம் ஏன் எடப்பக்கமா கோணுது?" என்று அபயம் கேட்டாள்.

"உல்லம் அப்படித்தான்க்கா போவும். வயிறு பூரா முட்டை, எதுத்தாப்புல வெள்ளம். வாலை நேரா வச்சுக்கிட்டு எப்படிப் போறது?"

"இது சிற்பம். மீன் இல்ல."

"சரிக்கா," என்றாள் வனரோஜா. ஆனால் திருத்த நேரமில்லை. அப்படியே கம்பியில் ஏற்றினார்கள்.

அந்த நாற்பதும்தான் இப்போது போய்க்கொண்டிருந்தன.

இரண்டே நாளில் ஊர் அதற்குப் பழகிக்கொண்டது. மீன்கள் விடிந்ததும் புறப்படும், பொழுது சாய்ந்ததும் எந்த இடத்தில் இருக்கிறதோ அந்த இடத்திலேயே அந்தரத்தில் நின்றுவிடும் என்று தெரிந்ததும், போக்குவரத்துக் காவலர் பிரிட்டோ அதற்குத் தகுந்தபடி பஸ்களை மாற்றி விட்டார். கேபிள் டிவிக்காரர் தாழத் தொங்கிய ஒயர்களை உயர்த்திக் கட்டினார். மீன் மார்க்கெட்டில் வஞ்சிரத்தையும் சங்கராவையும் பரப்பி வைத்திருந்தவர்கள், அவை கடக்கிற வரைக்கும் ஈரச் சாக்கைப் போட்டு மூடி வைத்தார்கள். யாரும் சொல்லவில்லை, அவர்களுக்கே ஒரு மாதிரியாக இருந்தது. வடக்கேயிருந்து வந்த பால்குட ஊர்வலம் ஒன்று முந்திப் போக மனமில்லாமல் மீன்களின் பின்னாலேயே நடந்து, உச்சிக்காலப் பூஜை தப்பி, சாயங்காலப் பூஜையில் அம்மனுக்குப் பால் ஊற்றியது.

மணிக்கூண்டுக்குப் பக்கத்தில் ரோடு வளைகிறது. மீன்கள் வளையவில்லை. நேராகப் பெருமாள் கோயில் தெருவுக்குள் போய், அங்கே எதிரே நின்ற பதினோரு வீடுகளின் வழியாகவே போக ஆரம்பித்தன. முன்வாசலில் நுழைந்து கொல்லை வாசலில் வெளியேறின. வீட்டுக்காரர்கள் இரண்டு கதவையும் திறந்து வைத்து, மின்விசிறியை நிறுத்திவிட்டு, சோபாவைச் சுவரோரம் ஒதுக்கிக்கொண்டு, சோற்றுத் தட்டோடு பார்த்துக்கொண்டிருந்தார்கள். கொல்லை வாசல் இல்லாத வீட்டு ரிட்டயர்டு தாசில்தார் ஒருவர் ஆளை வைத்துச் சுவரை இடித்து வழி பண்ணினார். அதற்குப் பிறகு அந்தப் பதினோரு வீட்டுப் பெண்களும் கோயிலில் அர்ச்சனைத் தட்டை முதலில் நீட்டினார்கள். தென்கரைத் தெருவுக்கு அது பொறுக்கவில்லை. எங்கள் தெருவுக்கு என்ன குறைச்சல் என்று வாசலில் அண்டா அண்டாவாகத் தண்ணீர் வைத்துப் பார்த்தார்கள், பொரி போட்டுப் பார்த்தார்கள், ஒருவர் முகத்துவாரத்திலிருந்து கடல் தண்ணீரையே லாரியில் கொண்டுவந்து தெளித்தார். மீன்கள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தெருவுக்குத் தெரு, வீட்டுக்கு வீடு, அந்த ஆடியில் நடுக்கரையில் பொறாமை மெட்ராஸ் ஐ போலப் பரவியது. யாரைப் பார்த்தாலும் கண் சிவந்திருந்தது.

ஆனால் யாருடைய கண்ணும் அபயாம்பாளின் கண் அளவுக்குச் சிவக்கவில்லை, ஏனென்றால் ஊர் முழுக்க அவளைத்தான் கொண்டாடியது. தினம் ஒருவர் பொன்னாடை கொண்டுவந்தார். கர்ப்பிணிப் பெண்கள் அவள் கையைத் தங்கள் வயிற்றில் வைத்துப் பார்த்தார்கள். ஐந்தாம் நாள் டிவிக்காரர்கள் வந்து பட்டறையில் அவளை உட்கார வைத்து, மைக்கை நீட்டி, "எப்படிம்மா இப்படிச் செஞ்சீங்க?" என்று கேட்டார்கள்.

வனரோஜா பக்கத்திலேயே டீத் தட்டோடு நின்றாள்.

அபயம் வாயைத் திறந்தாள். ஓரகத்தி செய்தது என்று சொல்லத்தான் திறந்தாள். வெளியே வந்தது வேறு. "ஒவ்வொரு மீனையும் என் கொழந்தை மாதிரி நெனச்சுச் செஞ்சேன்," என்றாள்.

வனரோஜா தட்டை மேஜையில் வைத்துவிட்டு உள்ளே போனாள். கோபித்துக்கொள்ளவில்லை, அழவில்லை, அன்று சாயங்காலம் எப்போதும்போல, "அக்கா, வெங்காயம் நறுக்கித் தரட்டுமா?" என்று கேட்டாள். திட்டியிருந்தால் அபயத்துக்குத் தூக்கமாவது வந்திருக்கும்.

அடுத்த நாள் அபயம் விடிந்ததும் ஏணியைத் தூக்கிக்கொண்டு ரவுண்டானாவுக்குப் போனாள். தன்னுடைய அறுபது மீன்களின் போல்ட்டுகளையும் தளர்த்திவிட்டாள். முறுக்காகப் பிடித்திருந்ததால்தான் போகவில்லையோ என்று ஒரு நப்பாசை. இரண்டு நாள் காத்திருந்தாள். பிறகு ஆறு மீன்களைப் புதிதாகச் செய்தாள். இந்தத் தடவை அட்டையைத் தூக்கி எறிந்துவிட்டு, ரேடியோவைப் போட்டுவிட்டு, வாலை இடது பக்கம் கோணலாக்கி, வனரோஜா பிடிப்பதுபோலவே சுத்தியலின் கழுத்தைப் பிடித்துத் தட்டினாள். வெட்கமாக இருந்தது, இருந்தாலும் தட்டினாள். ஆறையும் கொண்டுபோய் மாட்டினாள். மறுநாள் மத்தியானம் பூக்காரி ஒன்றைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கே வந்தாள்.

"அக்கா, ஒங்க மீனு கீழ விழுந்து கெடந்துச்சு. பஸ்ஸு ஏறிடப் போவுதேன்னு எடுத்தாந்தேன்."

"வை," என்றாள் அபயம். அவள் முகத்தைப் பார்த்த பூக்காரி, வைத்துவிட்டு வேகமாகப் போனாள். அன்று ராத்திரியே மற்ற ஐந்தையும் அபயம் அவிழ்த்து எடுத்து வந்துவிட்டாள்.

ஊரும் அந்த அறுபதுக்கு ஒரு காரணம் கண்டுபிடித்திருந்தது. அவை காவலுக்கு நிற்கின்றன என்றார்கள் சிலர், அடுத்த வருஷம் போகும் என்றார்கள் சிலர். சேர்மன், "எல்லாரும் போயிட்டா ஊர யாரு பாத்துக்கிறது, அதான் அம்மா பாதிய நிறுத்தி வச்சிருக்காங்க," என்று மேடையிலேயே பேசினார். அபயம் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். புகழ்ச்சி ஒவ்வொன்றும் முள்ளாகத் தொண்டையில் நின்றது.

பதினைந்தாம் நாள் மீன்கள் ஊரைத் தாண்டிப் படுகை வயல்களுக்கு மேலே போய்க்கொண்டிருந்தன. அங்கே கூட்டம் குறைந்துவிட்டது. உச்சி வெயில். காவலுக்குப் போயிருந்த பிரிட்டோ புளியமரத்தடியில் சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்தார். அபயம் ஸ்கூட்டரை மூங்கில் புதருக்குப் பின்னால் நிறுத்திவிட்டு, கடைசியாகப் பின்தங்கி வந்த மீனைச் சாக்கை விரித்து அமுக்கினாள். அது துள்ளவில்லை. மேற்கே தள்ளிக்கொண்டே இருந்தது, அவ்வளவுதான். ஸ்கூட்டரின் கால் வைக்கிற இடத்தில் போட்டுக்கொண்டு கிழக்கே ஊருக்குத் திரும்பினாள். வழி நெடுக அது சாக்குக்குள்ளிருந்து அவள் முழங்காலை முட்டித் தள்ளிக்கொண்டே வந்தது. வீட்டுக்கு வந்து பார்த்தபோது இரண்டு காலும் கன்றிப் போயிருந்தது.

ஆண்கள் இருவரும் வெளியூரில் கேட் மாட்டப் போயிருந்தார்கள். அவள் மீனைப் பட்டறை மேஜையில் இருந்த இரும்புப் பிடியில், வைஸில், வைத்து இறுக்கினாள். எந்தப் பக்கம் வைத்தாலும் மேற்குச் சுவரைப் பார்க்கவே அது முயன்றது. உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்துவிட வேண்டும், அப்படி என்னதான் வைத்தாள் அவள், அது ஒன்று தெரிந்துவிட்டால் போதும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, தகடு அறுக்கிற கிரைண்டரை ஓட்டி வயிற்றோடு அறுத்தாள்.

உள்ளே ஒன்றும் இல்லை. தகட்டின் மறுபக்கம் இருந்தது. அதில் சுத்தியல் விழுந்த குழிகள் இருந்தன. அவளுடைய மீன்களுக்குள் இருக்கிற அதே குழிகள்.

கிரைண்டர் நின்றதும் பட்டறை அமைதியானது. அப்போதுதான் வைஸில் இருந்தது தள்ளுவதை நிறுத்திவிட்டது என்று அவளுக்குத் தெரிந்தது. இறுக்கத்தைத் தளர்த்தினாள். அது பழைய டப்பா போல டங்கென்று தரையில் விழுந்தது. அபயம் அதைக் குனிந்து எடுக்கவே ரொம்ப நேரம் ஆனது. எடுத்துப் பழைய புடவையில் சுற்றித் தகடுகளுக்கு அடியில் செருகினாள். கை கழுவினாள். மறுபடியும் கழுவினாள்.

சாயங்காலம் பிரிட்டோ எண்ணிப் பார்த்தபோது முப்பத்தொன்பது இருந்தது.

பெருமாள் கோயில் தெருக்காரர்கள் தென்கரைத் தெருக்காரர்களைச் சொன்னார்கள், தென்கரைத் தெருக்காரர்கள் திருப்பிச் சொன்னார்கள், இரண்டு பக்கமும் கைகலப்பாகி நாலு பேருக்குத் தையல் போட வேண்டி வந்தது, பிறகு இரண்டு தெருவும் ஒன்றுகூடி யோசித்து, எவர்சில்வரை எடுத்து என்ன பண்ண முடியும், உருக்கத்தான் முடியும் என்று முடிவுக்கு வந்து, பழைய இரும்புக்கடை மாசிலாமணியைப் பிடித்துக்கொண்டன. கடையைக் குப்புறப் புரட்டிப் போட்டுத் தேடினார்கள். ஒன்றும் கிடைக்காதது அவர்களுக்கு இன்னும் சந்தேகத்தைத்தான் கொடுத்தது. அவர் பெண்ணைப் பள்ளிக்கூடத்தில் யாரும் பக்கத்தில் உட்கார விடவில்லை. டீக்கடையில் அவருக்கு மட்டும் பேப்பர் கப்பில் டீ கொடுத்தார்கள்.

மூன்றாம் நாள் மாசிலாமணி பட்டறைக்கு வந்தார். வாசலுக்கு வெளியிலேயே நின்றார்.

"அம்மா, நான் எடுக்கல. என் புள்ளங்க மேல சத்தியமா எடுக்கல. செஞ்சவங்க நீங்க. நீங்க ஒரு வார்த்தை சொன்னா ஊரு கேக்கும்."

அவர் நின்ற இடத்துக்குப் பத்தடி தூரத்தில், தகடுகளுக்கு அடியில், புடவை முனை வெளியே தெரிந்தது. அபயம் எழுந்து அதை மறைத்துக்கொண்டு நின்றாள். "சொல்றேன்," என்றாள். அவர் கும்பிட்டுவிட்டுப் போனார். அந்தக் கும்பிடு போதும், அவளுக்கு அங்கேயே உயிர் போயிருக்கலாம் என்றிருந்தது.

கொல்லையில் வனரோஜா முறத்தில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். அபயம் போய் எதிரில் உட்கார்ந்தாள். தானும் ஒரு கொத்தை எடுத்து உருவ ஆரம்பித்தாள்.

"ரோஜா. நாந்தான்."

"தெரியும்க்கா. அன்னிக்குக் கிரைண்டர் சத்தம் கேட்டுச்சு. மீன அறுக்குற சத்தம் எனக்குத் தெரியாதா?"

"தெரிஞ்சும் ஏன்டி ஒண்ணும் கேக்கல? டிவில நான் அப்படிச் சொன்னப்பவே ஏன் கேக்கல? தட்டைத் தூக்கி என் மூஞ்சில அடிச்சிருந்தா ஆறிப்போயிருக்குமே! ஒன்னப் பாத்தா எனக்கு எரியுது. ஆறு வருஷமா எரியுது. நீ பேசாம இருக்க இருக்க இன்னும் எரியுது."

வனரோஜா கீரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "எனக்கு எரியலன்னு நெனச்சீங்களா?" என்றாள்.

"ஒனக்கு என்னடி?"

"ஒங்க அறுபதும் ரவுண்டானாவுல நிக்குது. வருஷக்கணக்கா நிக்கும். பஸ்ஸுல வர்றவன் போறவன் எல்லாம் பாப்பான். என்னோடது ஒண்ணாவது நின்னுச்சா? நாப்பதும் போவுது. மூணு நாளு பின்னாடியே நடந்தேன்க்கா, யாருக்கும் தெரியாம. பேரு வச்சுக் கூப்புட்டுப் பாத்தேன். ஒண்ணு திரும்பிப் பாக்கல." உருவிய காம்பை ஒடித்து ஒடித்துக் கீழே போட்டாள். "நீங்க அறுத்தீங்க பாருங்க, அது ஒண்ணுதான் வீட்டுல இருக்கு. அத நேத்து எடுத்துப் பாத்தேன். பாவம்னு இருந்துச்சு. சந்தோசமாவும் இருந்துச்சு. சாமி கண்ண குத்தும்."

இரண்டு பேரும் கீரையை முடித்தார்கள். உப்பு இருக்கிறதா என்று மட்டும் ஒருத்தி கேட்டாள், இருக்கிறது என்று இன்னொருத்தி சொன்னாள்.

அந்த வெள்ளிக்கிழமை கல்யாண மண்டபத்தில் அபயாம்பாளுக்குப் பாராட்டு விழா. மேடையில் சேர்மன், பிரிட்டோ, இரண்டு தெருப் பெரிய மனிதர்களும் இருந்தார்கள். மாசிலாமணி கடைசி வரிசையில் தனியாக உட்கார்ந்திருந்தார். அவரைச் சுற்றி ஏழெட்டு நாற்காலி காலியாக இருந்தது. அபயம் மைக் முன்னால் நின்று, போகிற மீன் நாற்பதையும் செய்தது தன் ஓரகத்தி வனரோஜா என்றும், தான் செய்தவை ரவுண்டானாவில் நிற்கிற அறுபது என்றும், காணாமல் போன மீனைத் திருடி அறுத்தது தான்தான் என்றும் சொன்னாள். கைதட்டல் மண்டபம் அதிரக் கிளம்பியது. "பாத்தீங்களா அம்மாவோட பெருந்தன்மைய! புகழ ஓரகத்திக்குக் குடுக்குறாங்க, பழிய தன் மேல போட்டுக்கிறாங்க!" என்று சேர்மன் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அபயம் இரண்டாம் தடவையும் சொன்னாள். இன்னும் பலமாகத் தட்டினார்கள். அவள் கொண்டுவந்திருந்த புடவைச் சுற்றைப் பிரித்து, வயிறு பிளந்த மீனை எடுத்து, பூச்செண்டுகளுக்கு நடுவே மேஜைமேல் வைத்தாள். தகடு மரத்தில் உரசிய சத்தம் மைக்கில் எல்லோருக்கும் கேட்டது.

கைதட்டல் நின்றது. கடைசி வரிசையில் மாசிலாமணி முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுகிற சத்தம் மட்டும் வந்தது.

ஊர் அதற்கும் பழகிக்கொண்டது. அவளை யாரும் திட்டவில்லை; அவள் வந்தால் பேச்சை நிறுத்தினார்கள், பூக்காரி அவளுக்கு எண்ணிப் பூக் கொடுத்தாள், மாசிலாமணி கடைக்குக் கூட்டம் கூட்டமாகப் போய் இல்லாத பழைய இரும்பையெல்லாம் போட்டார்கள். கல்வெட்டில் வனரோஜாவின் பெயரைச் சேர்க்கச் சேர்மன் ஆள் அனுப்பினார். வந்த ஆசாரி அவசரத்தில் ரோஜாவை ராஜா என்று வெட்டிவிட்டுப் போனார்.

ஆடி இருபத்தொன்பதாம் நாள் மீன்கள் அணைக்குப் போய்ச் சேர்ந்தன. இதற்கு மேல் ஆற்றில் ஏற வழியில்லாமல் இருபது அடிச் சுவர் எதிரே நின்றது. முப்பத்தொன்பதும் நெஞ்சு உயரத்தில் சுவரை முட்டின, பின்வாங்கின, மறுபடியும் முட்டின. டம்ளரில் கரண்டி தட்டுகிற சத்தம் நிற்காமல் கேட்டுக்கொண்டே இருந்தது. அணைப் பொறியாளர் நல்ல மனிதர், தலையைச் சொறிந்துகொண்டு, "மதகத் தொறந்தா தண்ணி இவங்கள அடிச்சுக் கீழதான் கொண்டுபோவும்," என்றார். இளவட்டங்கள் சுவரோரப் படிக்கட்டு வழியாகத் தூக்கிக்கொண்டு ஏறப் பார்த்தார்கள். தூக்கினவர்கள் கையில் நாலு கிலோ தகடு நாற்பது கிலோவாகக் கனத்தது; இரண்டு படி ஏறுவதற்குள் கீழே வைத்துவிட்டார்கள். மூக்குகள் நசுங்க ஆரம்பித்திருந்தன.

"வனரோஜாம்மா தூக்கட்டும், பெத்தவங்க கைக்கு வரும்," என்றார் பிரிட்டோ.

வனரோஜா கீழ்ப்படியில் உட்கார்ந்திருந்தாள். "மாட்டேன்," என்றாள். "மேல ஏத்திவிட்டா போயிடும். இங்கயாவது நிக்கட்டும்."

"மூக்கு ஒடஞ்சு சாவுமேம்மா."

"நிக்கட்டும்," என்றாள் அவள், முகத்தை முழங்காலில் புதைத்துக்கொண்டு.

கூட்டத்தின் பின்னாலிருந்து அபயம் வந்தாள். யாரும் வழி விடவில்லை, அவளே இடித்துக்கொண்டு வந்தாள். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு முதல் மீனை அணைத்துத் தூக்கினாள். கனத்தது. இடுப்பு எலும்பு இற்றுப்போகிற மாதிரி கனத்தது. அவள் அன்பில் தூக்கவில்லை. போ, போய்த் தொலை, என் கண் முன்னால் நிற்காதே, இந்த ஊரை விட்டுப் போ என்று பல்லைக் கடித்துக்கொண்டு படிக்குப் படி சொன்னாள். அந்த ஆத்திரம் அவளை முப்பத்திரண்டு படி ஏற்றியது. மேலே போய் நீர்த்தேக்கத்துப் பக்கம் நீட்டினாள். மீன் அவள் கையிலிருந்து வழுக்கி, தண்ணீருக்குள் இறங்கி, ஒரு சுழிப்பு காட்டிவிட்டுப் போனது.

இறங்கி வந்து இரண்டாவதைத் தூக்கினாள். மூன்றாவதை. ஒவ்வொன்றின் கோணல் வாலும் அவள் விலாவில் அடித்துக்கொண்டே வந்தது. பத்தாவதில் அவளுக்கு வைகிற வார்த்தைகள் தீர்ந்துபோயின. இருபதாவதில் அந்த வால் ஏன் கோணியிருக்க வேண்டும் என்பது விலா எலும்புக்குத் தெரிந்துவிட்டது. நேராக இருந்திருந்தால் அது அவளை அடித்திருக்காது, அதனால் வெள்ளத்தை எதிர்த்துத் தள்ளியிருக்கவும் முடியாது. தெரிந்ததும் பொறாமை குறையவில்லை, இன்னும் ஏறியது. இவ்வளவு நன்றாகச் செய்திருக்கிறாளே படுபாவி என்று அழுதுகொண்டே ஏறினாள். முப்பதுக்கு மேல் யாரோ அவளுக்குத் தண்ணீர் கொடுத்தார்கள். மாசிலாமணி. அவள் குடித்துவிட்டுச் செம்பைத் திருப்பிக் கொடுத்தாள்.

கடைசி மீனைத் தூக்கிக்கொண்டு ஏற அவளால் முடியவில்லை. படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். அது அவள் மடியில் கிடந்து சுவரைப் பார்த்துத் தள்ளியது. கீழ்ப்படியில் இருந்த வனரோஜா எழுந்து வந்தாள். மூக்கை உறிஞ்சிக்கொண்டு வால் பக்கத்தைப் பிடித்தாள்.

"பிடிச்சுட்டீங்களா?"

"பிடிச்சுட்டேன். மெல்ல."

மேலே போனதும் வனரோஜா உடனே விடவில்லை. நசுங்கின மூக்கைக் கட்டைவிரலால் நீவி நேராக்கினாள். நீவிக்கொண்டே இருந்தாள். அபயம் அவசரப்படுத்தவில்லை. பிறகு இரண்டு பேரும் ஒரே சமயத்தில் கையை எடுத்தார்கள். அது போனது. திரும்பிப் பார்க்கவில்லை.

கூட்டம் கலைந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. அணை பஸ் ஸ்டாப்பில் இரண்டு பேரும் ஈரப் புடவையோடு நின்றார்கள்.

"இன்னும் எரியுதாக்கா?" என்றாள் வனரோஜா.

அபயம் பொய் சொல்லலாமா என்று யோசித்தாள். "எரியுது," என்றாள்.

"எனக்குந்தான்."

நடுக்கரை பஸ் வந்தது. ஏறினார்கள். இரண்டு பேர் உட்காருகிற சீட் ஒன்றுதான் காலியாக இருந்தது. ஆற்றுப் பக்கத்து ஜன்னலோரத்தில் அபயம் முந்திக்கொண்டு உட்கார்ந்தாள், விட்டுக்கொடுக்கவில்லை. வனரோஜா அவள் மடிமேல் சாய்ந்து, கழுத்தை நீட்டி, வழி நெடுக வெள்ளத்தைப் பார்த்துக்கொண்டே வந்தாள். கனமாகத்தான் இருந்தது. அபயம் நகரவில்லை, தள்ளவும் இல்லை.